கமிட் போடும் முன்: சில குறிப்புகள்

1. எழுதி முடித்த கையோடு "கிட் ஆட்" கொடுத்து எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள். முதலில் "கிட் டிஃப்" பாருங்கள். லாகின் பிழையைத் திருத்த உட்கார்ந்தவர், போகிற போக்கில் ஒரு ஃபங்ஷனின் பெயரையும் மாற்றியிருப்பார். சோதனைக்குப் போட்ட பிரிண்ட் வரிகளும் அங்கேயே கிடக்கும். திருத்தம் ஒரு கமிட், பெயர் மாற்றம் இன்னொன்று. பிரிண்ட் வரிகள் எதிலும் வேண்டாம்.

2. ஒரே ஃபைலில் இரண்டு வேலை கலந்துவிட்டதா? "கிட் ஆட் --பேட்ச்" கொடுங்கள். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, சேர்க்கவா என்று கேட்கும். 'ஒய்' சேர்க்கும், 'என்' விட்டுவிடும், 'எஸ்' துண்டை இன்னும் சிறிதாக உடைக்கும். இடையில் மாறாத வரி ஒன்றாவது இருந்தால்தான் உடையும். மாறிய வரிகள் ஒட்டி ஒட்டி இருந்தால் 'ஈ' அழுத்தி எடிட்டரில் பிரிக்க வேண்டியதுதான். அங்கே, வேண்டாத பிளஸ் வரியை அழித்துவிடலாம். மைனஸ் வரியை அழிக்கக் கூடாது. மைனஸ் குறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஸ்பேஸ் வையுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

3. புது ஃபைல்களை 'பேட்ச்' கண்டுகொள்ளாது. முதலில் "கிட் ஆட் --இன்டென்ட்-டு-ஆட்" கொடுத்துவிடுங்கள்.

4. ஃபார்மேட்டர் செய்த மாற்றங்கள் தனி கமிட். இதில் பேச்சே இல்லை.

5. பிரித்தெடுத்த பாதி தனியாக ஓடுமா என்று பார்க்க "கிட் ஸ்டாஷ் --கீப்-இண்டெக்ஸ்" கொடுத்து மீதியை ஒதுக்கிவிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள். கமிட் போட்ட பிறகு "கிட் ஸ்டாஷ் பாப்". ஒட்டிய வரிகளைப் பிரித்திருந்தால் பாப் செய்யும்போது கான்ஃப்லிக்ட் வரலாம். சிரமம்தான், ஆனாலும் செய்யுங்கள்: ஓடாத கமிட்டுகள் நடுவில் கிடந்தால், பின்னால் "கிட் பைசெக்ட்" வைத்துப் பிழை நுழைந்த இடத்தைத் தேடுபவர் பாடு திண்டாட்டம்.

6. கமிட் தலைப்பு 50 எழுத்துக்குள். பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழ் ஏன் மாற்றினீர்கள் என்பது. என்ன மாறியது என்பதை டிஃப்பே சொல்லிவிடும்.

7. பழைய கமிட்டில் ஏதோ விட்டுப்போனால் "கிட் கமிட் --ஃபிக்ஸப்", அதன்பின் "கிட் ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ்". மற்றவர்களும் வேலை செய்யும் பிராஞ்சில் ஏற்கெனவே புஷ் செய்துவிட்டதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

8. ரீபேஸ் சொதப்பினால் "கிட் ரீஃப்லாக்" பாருங்கள். காணாமல்போன கமிட்டுகளின் தடம் வழக்கமாக 30 நாளாவது அங்கே இருக்கும். கமிட்டே போடாத மாற்றங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே சாயங்காலம் கிளம்பும் முன் அரைகுறையாகவாவது ஒரு கமிட் போட்டுவையுங்கள். காலையில் "கிட் ரீசெட் ஹெட்~1" கொடுத்தால் கமிட் மட்டும் கலையும், எழுதியது அப்படியே இருக்கும்.