பிரஷர் ரெகுலேட்டரா, வயரிங்கா? எந்தக் கருவியை எடுப்பது

காமன் ரெயில் டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றாலோ, மேடேறும்போது இழுவை போனாலோ, பல பட்டறைகளில் பழி முதலில் விழுவது பிரஷர் ரெகுலேட்டர் வால்வின் மேல்தான். புது வால்வை மாட்டிப் பார்த்துவிடலாம் என்பார்கள். சோதனை முறைகளிலேயே செலவு அதிகம், தெளிவு குறைவு என்றால் அது இதுதான். கோளாறு வயரில் இருந்தால் புது வால்வும் அதே எரர் கோடைத்தான் கொண்டுவரும்.

தொடக்கம் ஸ்கேனர். பி0090, பி0091, பி0092 வந்தால் ரெகுலேட்டரின் மின்சுற்றைத் தேடலாம். பி0087, பி0088 அப்படியல்ல; அவை அழுத்தம் சரியில்லை என்று மட்டுமே சொல்கின்றன. அழுத்தம் குறைய அடைத்த டீசல் பில்டரோ, தேய்ந்த பம்போ, திரும்புவழியில் கசியும் இன்ஜெக்டரோ போதும். அதற்காக வயரிங்கைப் பிரிக்கத் தொடங்குவது வீண் வேலை. ஐடிலில் ரெயில் அழுத்தம் பொதுவாக 250 முதல் 350 பார் வரை இருக்கும்; என்ஜின் கம்ப்யூட்டர் (ஈசிஎம்) கேட்ட அளவும் வந்த அளவும் ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள். ஆனால் ஈசிஎம் என்ன கட்டளையிட்டது என்பதைக் காட்டும் ஸ்கேனர், அது வால்வுவரை போய்ச் சேர்ந்ததா என்பதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை.

அங்கே மல்டிமீட்டர் வேண்டும். கப்ளரைக் கழற்றி வால்வின் சுருளை அளந்தால், டென்சோ பம்புகளில் எஸ்சிவி எனப்படும் வால்வில் சுமார் 2 ஓம், பாஷ் வால்வுகளில் பெரும்பாலும் 2 முதல் 5 ஓம் வரை வரும். இவ்வளவு சிறிய அளவில் மீட்டர் லீடுகளின் சொந்த ஓமையே கழிக்க வேண்டியிருக்கும். சூட்டில் அறுந்துபோகும் சுருள் ஆறியபின் நல்ல அளவே காட்டும். என்ஜின் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை அளங்கள்.

மீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். வால்வு கேட்கும் கரண்ட்டை அந்த இழை தாங்காது. எனவே சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் பல்ப் ஒன்றைக் கொடுங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்ப் மங்கினால் வயரோ பின்னோ ரிலேயோதான் காரணம். பல்ப் எரியும்போதே பேட்டரி பாசிட்டிவிலிருந்து கப்ளர் பின்வரை வோல்ட் இழப்பை அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் போவது கெட்ட வயர். சில நூறு ரூபாய்க் கருவிகளில் இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பல்பை ஈசிஎம் கட்டுப்பாட்டு வயரிலோ சென்சாரின் 5 வோல்ட் வயரிலோ வைக்கக்கூடாது, ஈசிஎம் போய்விடும். சில வண்டிகளில் வால்வின் இரு வயர்களும் ஈசிஎம்முக்கே போகும். அங்கே இந்தச் சோதனை பொருந்தாது, வயரிங் டயகிராம் பார்க்காமல் தொடவேண்டாம்.

வண்டி ஓடும்போது மட்டும் வந்து போகும் கோளாறுக்கு ஆஸிலோஸ்கோப்தான். ஈசிஎம் வால்வை நொடிக்குப் பல முறை விட்டு விட்டு இயக்குவதால் மீட்டர் காட்டுவது சராசரி மட்டுமே. நடுவில் விழும் ஓட்டைகள் அதில் தெரியாது. கரண்ட் கிளாம்ப் மாட்டி, ஹார்னஸை அலுமினிய பிராக்கெட்டில் உரசும் இடத்தில் அசைத்தால், திரையில் அலை அறுந்து விழுவதைக் காணலாம். மாதம் இப்படி இரண்டு மூன்று வண்டி வரும் பட்டறை இதை வாங்கலாம், மற்றவர்களுக்கு அவசியமில்லை. கப்ளரின் பெண் பின்னில் பொருத்தமான ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வழுகி வந்தால், ஸ்கோப் இல்லாமலே பாதி விடை கிடைத்துவிட்டது.

என்ஜின் ஓடும்போது கப்ளரைக் கழற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. ரெயில் நுனியில் உள்ள வால்வு கரண்ட் இழந்தால் அழுத்தம் விழுந்து என்ஜின் நிற்கும். பம்பின் உள்வழியில் உள்ள, கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் வகை வால்வென்றால் அழுத்தம் எகிறும். எந்த வகை என்று தெரியாமல் இதைச் செய்யாதீர்கள்.

வால்வேதான் கெட்டது என்று உறுதியானால் மாற்றுங்கள். பல வண்டிகளில் அதன்பின் ஸ்கேனரில் பம்பின் கற்றல் மதிப்பை அழித்து மறுபடி பதியவைக்க வேண்டும். விட்டால் ஐடில் ஏறி இறங்கும், நல்ல வால்வையே மறுபடி சந்தேகிக்கத் தோன்றும்.