முதல் தொட்டி

உப்பு குறையக் குறையச் சிப்பி லார்வாக்கள் கூண்டோடு செத்துப்போகும் என்று நான் இரண்டு தடவை நிரூபித்திருக்கிறேன். நான்கு தொட்டி, நான்கு உப்பளவு, படிப்படியாக இறங்கும் அழகான கோடு. கருத்தரங்கில் அந்த வரைபடத்தைப் போட்டபோது முன்வரிசையில் தலைகள் ஆடின. லார்வாக்களைக் கொன்றது உப்புக் குறைவு இல்லை. குரோம்பேட்டையில் நானே பேரம் பேசி வாங்கிய ஒரு பித்தளை வால்வ்.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்தான் என் ஆய்வுக்கூடம். கார் இல்லை, ஷெட் இருந்தது. கல்லூரியில் எனக்கு ஒதுக்கிய மேசைக்கு சனி, ஞாயிறு மின்சாரம் கிடையாது. மெயினை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். லார்வாவுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? ஒரு சீனியர் என் ஷெட்டுக்கு 'ஹோம் சயின்ஸ்' என்று பெயர் வைத்தார். அவருடைய லார்வாக்கள் ஒரு தீபாவளி விடுமுறையில் மூச்சுமுட்டிச் செத்தன, என்னுடையவை இன்வெர்ட்டரில் நீந்திக்கொண்டிருந்தன. அதனால் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யுங்கள். மொட்டை மாடியில் இரண்டு சின்டெக்ஸ் வைக்க யார் வீட்டில்தான் இடமில்லை? மாமியார் முதலில் முணுமுணுப்பார், பிறகு அவரே வந்து மோட்டாரை நிறுத்துவார்.

என் கேள்வி எளிமையானது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் பாறைகளிலும் தூண்களிலும் சிப்பி ஒட்டிக்கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அங்கே உப்பு சட்டென்று இறங்கிவிடும். பெரிய சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு சமாளிக்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் மிதக்கிற லார்வா என்ன ஆகும்? இந்தச் சிப்பிக்கு 'மெட்ராஸென்ஸிஸ்' என்று 1916-இல் பிரெஸ்டன் பெயர் வைத்தார். ஊர் சென்னையாகிவிட்டது, எங்கள் வாயில் சிப்பி இன்னும் மெட்ராஸ்தான். நம் ஊர் பெயரைச் சுமக்கிற உயிர் என்பதில் எனக்கு ஒரு சொந்தம்.

செய்முறையைப் பற்றி நீட்டப்போவதில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981-இல் முத்துச்சிப்பிக்கும் அடுத்த ஆண்டு உண்ணும் சிப்பிக்கும் குஞ்சு பொரிப்பகத்தில் செய்துகாட்டி, எழுதியும் வைத்துவிட்டார்கள், அதைப் படியுங்கள். முற்றிய தாய்ச் சிப்பியைத் தேய்த்துக் கழுவி, இருக்கும் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூட்டினால் முட்டையும் விந்தும் பீய்ச்சும். ஒரு தாய் லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் போடும். இருபது மணி நேரத்துக்குள் ஆங்கில 'டி' வடிவ ஓட்டோடு லார்வா நீந்தும். ஐசோகிரைசிஸ் பாசி தீவனம். ஒருநாள் விட்டு ஒருநாள் சல்லடையில் பிடித்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் கண்புள்ளி தெரியும், கால் நீளும், ஒட்ட இடம் தேடும். கோவளத்திலிருந்து கடல்நீரைக் கேன்களில் குட்டியானையில் ஏற்றி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகக் காலை ஏழு மணிக்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். ஏழுக்குமேல் மேடவாக்கம் சந்திப்பில் மாட்டினால் உங்கள் விதி.

வால்வுக்கு வருகிறேன். மாடித் தொட்டியிலிருந்து ஒரு அங்குல பிவிசி குழாய் நாற்பதடி இறங்கி, ஷெட்டில் வடிகட்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வால்வில் முடிந்தது. அது சொட்டியது. பிளம்பர் சொன்னார்: "பிளாஸ்டிக்கு ஆறு மாசம் தாங்காதுக்கா. பித்தளை போடுங்க, உங்க பேரப்பிள்ள காலம் வரைக்கும் நிக்கும்." அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் வீட்டுக்குக் குழாய் போடுகிறவர், நான் விலங்கியல் படித்தவள். நானே கடைக்குப் போய், கையில் வைத்துப் பார்த்து, கனமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

தொட்டிகளுக்கு உப்பளவு ஆயிரத்துக்கு 18, 22, 26, 30 என்று வைத்திருந்தேன். முதல் தொட்டி 18, கடைசித் தொட்டி 30. மனிதமூளை அப்படித்தான் வரிசை போடும். ஒவ்வொரு தண்ணீர் மாற்றும் நாளும் காலை ஐந்தரைக்கு வால்வைத் திறந்து, முதல் தொட்டியில் தொடங்கி நான்காவதில் முடிப்பேன். ஒழுங்கு தவறாமல் செய்வதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள் முதல் தொட்டியின் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். நல்ல லார்வா நிற்காது. வெலம் என்கிற ரோமச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு பார்வை வட்டத்தைவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணுவதற்குள் கண் வலிக்கும். இங்கே எண்ணுவது சுலபமாக இருந்தது. பாதி அடியில் கிடந்தன. சிலவற்றில் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு, ரோமங்கள் மட்டும் வீம்புக்குத் துடித்தன. ஓடு திறந்து கிடந்த ஒன்றுக்குள் புகுந்து ஒற்றைச் செல் பிராணிகள் மேய்ந்தன. நான் நோட்டில் எழுதிய வாக்கியம் இது: "18-இல் எதிர்பார்த்தபடியே." அந்த 'எதிர்பார்த்தபடியே'வுக்கு நான் கொடுத்த விலை ஒரு வருடம்.

ஏனென்றால் இரண்டாம் தொட்டி கொஞ்சம் மோசம், மூன்றாவது பரவாயில்லை, நான்காவது ஜோர். கோடு அழகாக விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. என் வழிகாட்டி முதல் தடவையாக என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

மூன்றாம் முறை எனக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் மாற்ற வந்தான். முதல் தொட்டிக்கு முன்னால் மாமனாரின் டிவிஎஸ் ஐம்பது நின்றதால் அவன் நான்காவதிலிருந்து ஆரம்பித்தான். அந்த வாரம் முழுக்க அப்படியே செய்தான். அந்த வாரம் நான்காவது தொட்டி செத்தது. 18 நன்றாக நீந்திக்கொண்டிருந்தது.

வழிகாட்டியிடம் ஓடினேன். "கையாள்றதுல ஏதோ தப்பும்மா. இல்லேன்னா விப்ரியோ. மூணாவத விட்டுரு, ரெண்டு போதும்" என்றார். சோதனைத் தட்டில் போட்டுப் பார்த்தால் விப்ரியோ பாக்டீரியா வளரத்தான் செய்தது. எந்தக் கடல்நீரைத் தட்டில் இட்டாலும் விப்ரியோ வளரும், அதை வைத்து என்ன சொல்ல முடியும்? டீ வரவழைத்த அதே கை என் ஆண்டறிக்கையில் 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்று எழுதியது. முதல் இரண்டு முறையும் என் கைதான் பராமரித்தது, அப்போது கவனக்குறைவு தெரியவில்லையா? கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.

ஒன்பது நாள் குடைந்தேன். தொட்டியும் இல்லை, உப்பும் இல்லை. எது முதலில் நிரம்புகிறதோ அது சாகிறது. அப்படியென்றால் முதலில் வரும் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. இரவு முழுக்க வால்வில் தேங்கி நின்ற தண்ணீர். நாற்பதடிக் குழாயில் ஆறு லிட்டர். வால்வைக் கழற்றினேன். உள்ளே பச்சை. மாமியார் காய்கறிக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஈயம் பூசாத பித்தளையில உப்புத் தண்ணிய ராத்திரி பூரா விட்டா களிம்பு ஏறாதா? நாங்க மோரக்கூட ஊத்த மாட்டோமே."

அவர் எட்டாம் வகுப்பு. காலையில் குழாயில் வந்த முதல் லிட்டரையும் இருபதாவது லிட்டரையும் காசு கொடுத்து ஒரு பரிசோதனைக்கூடத்தில் அளந்தேன். முதலாவதில் பித்தளையிலிருந்து கரைந்த செம்பு எகிறியிருந்தது, இருபதாவதில் கருவிக்கு அகப்படவே இல்லை. பசிபிக் சிப்பியின் கருக்களில் பாதியைக் குலைக்க லிட்டருக்கு ஐந்தாறு மைக்ரோகிராம் செம்பு போதும் என்று 1981-லேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். உப்பு குறைந்த நீரில் செம்பின் வேகம் இன்னும் கூடும். என் 18 தொட்டிக்கு இரட்டை அடி.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதில் அற்ப ஆறுதல். அமெரிக்காவின் ஆரிகன் கரையில் விஸ்கி கிரீக் பொரிப்பகத்தில் 2007, 2008-இல் லார்வாக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது அவர்களும் முதலில் விப்ரியோவைத்தான் பிடித்தார்கள். பிறகுதான் ஆழத்திலிருந்து மேலெழும் அமிலம் கூடிய கடல்நீர் காரணம் என்று தெரிந்து, எந்த நேரத்துத் தண்ணீரை எடுப்பது என்பதையே மாற்றினார்கள். பிரான்சின் ஆர்க்காஷோன் வளைகுடாவில் எழுபதுகளின் கடைசியில் சிப்பிக் குஞ்சே ஒட்டவில்லை. படகின் அடியில் பூசிய டிரைபியூட்டைல்டின் பெயின்ட் காரணம். 1982-இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாசி ஒட்டாமலிருக்கச் செம்பைப் பூசுகிறோம், இந்த விஷத்தையும் பூசினோம், அதே விஷம் சிப்பிக் குஞ்சை விட்டுவைக்குமா?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: கடல்நீர் தொடும் வழியில் உலோகமே கூடாது. மீன்தொட்டிக் கடைகளில் காற்றைப் பிரிக்க விற்கும் பளபள வெள்ளைக் குழாய்ச்சட்டத்தைச் சுரண்டிப் பாருங்கள், பெரும்பாலும் முலாமுக்கு அடியில் பித்தளைதான். காலையில் முதல் இருபது லிட்டரைக் கொட்டிவிடுங்கள். கோவளத்திலிருந்து சுமந்த நீர்தான், வயிறு எரியும், பரவாயில்லை. உப்பைக் குறைக்க குழாய்த்தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், குளோரின் இருக்கும். தயோசல்பேட் போட்டுச் சோதித்த பிறகே. ஏரிப்பக்கத்துப் போர் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். எந்தத் தொட்டியில் எந்த உப்பு என்பதையும், எதை முதலில் நிரப்புவது என்பதையும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நான் இப்போது கேரம் போர்டு காய்களில் எண் எழுதி மாமனாரை எடுக்கச் சொல்கிறேன். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. டிவிஎஸ் ஐம்பதையும் நகர்த்தவேயில்லை.

நான்காம் முறை பிளாஸ்டிக் வால்வில் செய்தேன். 18-இல் வளர்ச்சி மந்தம், ஒட்டுவதற்கு நாள் கூடியது. கூண்டோடு சாவு இல்லை. அழகான கோடும் இல்லை. கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் அனுப்பினேன். வழிகாட்டி அதில் கையெழுத்துப் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

போன மாதம் பிளம்பர் வந்திருந்தார், சமையலறைக் குழாய்க்கு. "அந்தப் பித்தளை வால்வ் என்னாச்சுக்கா? நல்ல சரக்காச்சே" என்றார். எடுத்துக் கொடுத்தேன். புளி போட்டுத் தேய்த்து, தோட்டத்துக் குழாயில் மாட்டிவிட்டுப் போனார். சொட்டவே இல்லை.