சாடி மண்ணில் எதைக் கலந்தோம்?

ஒரே நாளில் நட்ட இரண்டு மிளகாய்க் கன்றுகளுக்கு ஒரே அளவு நீரும் பசளையும் இடுகிறோம். ஒன்று வாடுகிறது, மற்றது வேரழுகிச் சாகிறது. குறை கன்றில் அல்ல, சாடி மண்ணில் நாம் கலந்த பொருளில் இருக்கலாம்.

மணல்: நீர் விரைவாக வடிந்துவிடும், பசளையும் அதனுடன் கரைந்து போய்விடும். எனவே இரண்டையும் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

தென்னந்தும்புத் தூள்: தன் நிறையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமிருக்கும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்த பின்பே நீர் ஊற்றுங்கள். இதில் உப்பு இருப்பதால், கலக்குமுன் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். உக்காத தூளை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனை எடுத்துக்கொள்ளும். அதனால் இலை மஞ்சளாகலாம். இதற்கு நன்கு உக்கிய சாணம் சேர்ப்பது நல்லது.

உமிக்கரி: மண்ணை இளக்கிக் காற்றோட்டம் தரும். சிறிது பொற்றாசியமும் உண்டு. ஆனால் காரத்தன்மையைக் கூட்டுவதால் அளவோடு சேருங்கள்.

கூட்டெரு: நீரையும் ஊட்டத்தையும் பிடித்து வைத்து மெதுவாக விடும். பசளைச் செலவு குறையும்.

செய்து பாருங்கள்: ஒரே அளவான இரண்டு சாடிகளில் மணற் கலவையையும் தும்புத்தூள் கலவையையும் தனித்தனியே நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போத்தல் நீர் ஊற்றி, அடியில் வடிவதை அளந்து பாருங்கள். கோடையில் தொலைவிலிருந்து சுமந்துவரும் ஒவ்வொரு வாளி நீரும் எங்கே போகிறது என்பது விளங்கும்.