வீடியோ எடு தங்கச்சி, கொலுசைக் கழட்டிட்டு எடு!

உன் பாப்பா குறைமாசத்துல பொறந்து என்ஐசியூ-ல இருந்துட்டு வந்ததா? அப்ப "தலை நிக்கட்டும், குப்புற விழட்டும், பாத்துக்கலாம்"னு வீட்டுல சொல்றதைக் கேட்டு மாசத்தை ஓட்டாதே. கையில இருக்குற போனை எடு.

மூணு மாசக் குழந்தை சும்மா படுத்திருக்கும்போது பாரு. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதா, வட்டம் வட்டமா நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். பிரெக்டல்னு ஒரு ஆஸ்திரிய டாக்டரும் அவர் குழுவும் 130 குழந்தைங்களோட இந்த நெளிவைக் கவனிச்சு, 1997-ல 'லான்செட்' இதழ்ல எழுதினாங்க. நெளிவு சரியா இருந்த 70 பேர்ல 67 பேர் நல்லபடியா வளர்ந்தாங்க. நெளிவே இல்லாத, இல்ல மாறுபட்டிருந்த 60 பேர்ல 57 பேருக்கு நரம்புக் கோளாறு. முக்காவாசிப் பேருக்கும் மேல பெருமூளை வாதம். ஊசியும் இல்ல, மெஷினும் இல்ல. பார்க்கத் தெரிஞ்ச கண்ணுதான் வேணும்.

எப்ப எடுக்கணும்? பொறந்த தேதியை விடு, டாக்டர் குறிச்ச டியூ டேட்ல இருந்து எண்ணு. 12-ல இருந்து 16 வாரத்துக்குள்ள எடுத்தா நல்லது. ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்த பாப்பாவுக்கு, கேலண்டர்ல அஞ்சு மாசம் ஆகும்போதுதான் அந்தக் கணக்குல மூணு மாசம்.

நான் முதல்ல எடுத்த வீடியோ வீணாப் போச்சு. காலுல கொலுசு, பக்கத்துல அத்தை கிலுகிலுப்பையை ஆட்டுறாங்க, என் பையன் அதையே பாக்குறான். "பொம்மையைப் பாத்தா தானா வர்ற அசைவு நின்னுடும்மா"ன்னு பிசியோதெரபிஸ்ட் திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள் தரையில ஒரே கலர் பெட்ஷீட் விரிச்சு, டயப்பரோட மல்லாக்கப் படுக்க வெச்சேன். பசியும் இல்லாம, தூக்கமும் இல்லாம முழிச்சிருந்த நேரம். முகம், கை, கால் மொத்தமும் தெரியுற மாதிரி மேலேர்ந்து அஞ்சு நிமிஷம். ஃபேன் காத்துல குளிராம பாத்துக்கிட்டேன். அந்த நேரம் அவனைக் கொஞ்சக்கூட இல்ல. அதுதான்டி ரொம்பக் கஷ்டம்!

வீடியோவைப் போட்டா போன் ஆப்பே முடிவு சொல்லிடும்னு யாராவது சொன்னா நம்பாதே. அதுக்குப் பயிற்சி எடுத்தவங்கதான் பாக்கணும். சந்தேகம்னா திரும்ப எடுக்கச் சொல்வாங்க, ஸ்கேனும் கேப்பாங்க. பெருமூளை வாதம்னு சீக்கிரம் தெரிஞ்சா, மூளை வளைஞ்சு கொடுக்குற வயசுலயே பயிற்சி ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு. ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரே கையை மட்டும் நீட்டினா, "இடக்கைக்காரன்"னு சிரிக்காம டாக்டர்கிட்ட காட்டு. ஒன்பது மாசமாகியும் உக்காரலன்னாலும் காட்டு.

நம்ம பெங்களூரு விவேக் நகர்ல இருந்துக்கிட்டு ஆஸ்பத்திரி போறது அலைச்சல்னு சொல்ல முடியாது. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு, அப்படியே ஆட்டோ பிடிச்சா கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரி. நிமான்ஸ் பக்கத்துல இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இருக்கு. போறப்ப டிஸ்சார்ஜ் சம்மரியை மறந்துடாதே. எத்தனை வாரத்துல பொறந்ததுன்னு அதுலதான் எழுதியிருக்கும்.