சருகு கேட்டைத் தாண்டக் கூடாது

நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இப்போது நிலம் தேடுகிறார்கள். ஓய்வூதியப் பணம் கையில் இருக்கிறது. இயற்கை விவசாயம் செய்யணும்னு ஆசையும் இருக்கிறது. தனியாக நிலம் வாங்கத்தான் பயம். அதனால் ‘இயற்கை சூழ்ந்த கேட்டட் கம்யூனிட்டி’ என்று விளம்பரம் வரும் பண்ணை மனைகளைப் பார்த்துவிட்டு வந்து, “வாங்கலாமா சார்?” என்று கேட்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பு போகிற விஷயம். அவர்களிடம் நான் சொல்வதையே இங்கே பாடமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய வேலியைப் பார்ப்போம். அடையாறு ஆற்றின் தென்கரையில் இருக்கும் பிரம்மஞான சபை வளாகம் அது. 1882இல் 27 ஏக்கரில் தொடங்கியது. பிறகு அக்கம்பக்கத் தோட்டங்களும் சேர்ந்து இன்று 250 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. சுற்றுச்சுவர், கேட், காவல் எல்லாம் உண்டு. உள்ளே சபை உறுப்பினர்கள் குடியிருக்கிறார்கள். ஆனால் அங்கே யாருக்கும் சொந்த மனை கிடையாது. நிலம் முழுக்கச் சபையின் பெயரில். சுற்றிலும் நகரம் நெருங்கிய பிறகும் அது கூறு போடப்படாமல் தோப்பாகவே நிற்பதற்கு இது பெரிய காரணம்.

ஆறும் கடலும் சேருமிடத்து மணற்பாங்கான நிலம் அது. மணல் தண்ணீரையும் பிடிக்காது, சத்தையும் பிடிக்காது. அங்கே தோப்பு நிற்கணும்னா மரத்தடியில் சருகு கிடந்து மட்கணும். எங்கள் தெருவில் நடப்பது நேர் எதிர். வேம்பும் புங்கமும் உதிர்ப்பதைக் காலையில் கூட்டி அள்ளி வண்டியில் ஏற்றிவிடுகிறோம். தென்சென்னைக் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். அதாவது நம் மண்ணுக்கு வேண்டிய கரிமத்தை நாமே கொண்டுபோய் நீர்நிலையில் கொட்டியிருக்கிறோம்.

ஆகவே மனை பார்க்கப் போகிறவர்கள் நாலு கேள்வி கேட்கணும். பட்டா, வில்லங்கமெல்லாம் வக்கீல் பார்ப்பார். இவற்றை நாம்தான் பார்க்கணும்.

1. சருகு எங்கே போகிறது? முன்வாசல் புல்தரையைப் பார்க்காதீர்கள், கொல்லைப்பக்கம் போங்கள். எரித்த கரித்தடம் இருந்தால் அங்கே இயற்கை விளம்பரத்தில் மட்டும்தான். எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் காற்றோடு போய்விடும்; கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சும்.

2. பொது நிலம் யார் பெயரில்? 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. வீடு, பாதை, தொட்டி போக மிச்சத்தில் கீரை வரும், தோப்பு வராது. தோப்பு பொது நிலத்தில்தான். அது குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் பத்திரமாகியிருக்கிறதா? விற்கிற கம்பெனி பெயரிலேயே இருந்தால் நாளைக்கு அதுவும் மனையாகலாம்.

3. தண்ணீர் பொதுவா, தனியா? மனைக்கு ஒரு போர் போட்டால், வேலிக்கு வெளியே இருக்கிற உழவர் கிணறும் சேர்ந்து வற்றும். பொதுக் கிணறும் மழைநீர் இறங்கும் குளமும் இருக்கணும்.

4. நடத்துகிறவர் போய்விட்டால்? அடையாற்று ஆலமரத்தின் நடுமரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் தனித்தனியே வேரூன்றியிருந்ததால் மரம் பிழைத்தது. ‘எல்லாம் கம்பெனியே பார்த்துக்கும்’ என்கிற இடத்தில் விழுதே இறங்கவில்லை என்று அர்த்தம். குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு உரம் போடவும் நாற்று விடவும் தெரியும் என்று விசாரியுங்கள்.

இதையெல்லாம் கேட்கும் முன் நம் வீட்டிலேயே ஒரு பயிற்சி. ஒரு வருஷம் உங்கள் வாசல் சருகை வெளியே அனுப்பாதீர்கள். மூணடி நீளம், மூணடி அகலம், மூணடி உயரம்: இதற்குக் குறைந்தால் குவியல் சூடாகாது. அரை அடி சருகு, அதன்மேல் இரண்டு அங்குலம் பச்சைத்தழை அல்லது காய்கறிக் கழிவு, கொஞ்சம் சாணிக்கரைசல் என்று அடுக்குங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒழுகக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். நாற்றம் வந்தால் சருகு கூட்டுங்கள். மூணு நாலு மாதத்தில் மட்கு தயார்.

மாவிலை போலத் தடித்த இலைகள் மெதுவாக மட்கும். அவற்றை மூடாக்குக்கு வையுங்கள். 100 சதுர அடிப் பாத்திக்கு நாலு அங்குல மூடாக்கு போட சுமார் 33 கன அடி சருகு வேண்டும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் விடுங்கள்.

இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் ஒரு ஏக்கருக்கு எவ்வளவு சருகு வேண்டும், அது எந்த மரத்திலிருந்து வரும் என்று நீங்களே கேட்க ஆரம்பிப்பீர்கள். அதற்குப் பிறகு முன்பணம் கொடுக்கப் போங்கள்.