நிற்கும் இடம்: நியூசிலாந்தின் தென்கிழக்குக் கரைக்குப் புறப்படும் இளம் ஒளிப்படக் கலைஞருக்கு



நியூசிலாந்தின் தென்தீவில், ஓமரு என்னும் சிறுநகரிலிருந்து தெற்கே மொயெராக்கி, டனீடின் வழியாகக் கேட்லின்ஸ் பகுதிவரை நீளும் கடற்கரை, விசித்திரமான பாறையையும் அரிய விலங்கையும் ஒரே நாளில், சில இடங்களில் ஒரே சட்டகத்திலேயே, காட்டக்கூடியது. அதனால்தான் இயற்கை ஒளிப்படத்தில் அடியெடுத்து வைப்போர் பலரும் அங்கே செல்ல விரும்புகின்றனர். விரும்புவோரில் பெரும்பாலோர் எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்ற ஆராய்ச்சியிலேயே ஆயத்தக் காலம் முழுவதையும் கழித்துவிடுகின்றனர். அக்கரையில் ஒரு படம் தேறுவதும் தேறாமல் போவதும் கலைஞர் எந்த வேளையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அந்த இடத்தையும் வேளையையும் பாறையும் ஓதமும் விலங்கும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. இக்கடிதம் அது பற்றியே எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டுக் கரைகளில் பழகிய கண்ணுக்கு அங்கே இரண்டு செய்திகள் புதியவை. இக்கரை தென் அகலாங்கு 45 பாகைக்கும் 47 பாகைக்கும் இடையில் கிடப்பதால், கிழக்கே கடலில் எழும் கதிரவன் வடக்கு வானத்தின் வழியாகவே மேற்கே இறங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதியில், தெற்கு நோக்கிய செங்குத்துப் பாறைகள் நண்பகலிலும் நிழலிலேயே கிடக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்த அளவிலேயே கணித்துக்கொள்ளலாம். மற்றொன்று ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வடியும் இயக்கம். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டரோடு நின்றுவிடுவதால், மெரினாவில் படமெடுத்துப் பழகியவர் ஓத அட்டவணையைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார். தென்தீவின் இக்கரையில் அது இரண்டு மீட்டரை நெருங்குவதால், காலையில் அகன்ற பாறைத்தளமாகத் தெரிந்த இடம் பிற்பகலில் நுரை பொங்கும் கடலாகிவிடும். நியூசிலாந்து அரசின் நிலத் தகவல் துறை வெளியிடும் அட்டவணையைக் கொண்டு, நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் வற்று நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்பத் தங்குமிடங்களை முடிவுசெய்வதே முறை. தங்குமிடத்தை முதலில் பதிவுசெய்துவிட்டு ஓதத்தைப் பிறகு பார்ப்பவர் நீரில் மூழ்கிய பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

மொயெராக்கிக்கும் ஹாம்ப்டனுக்கும் இடையிலுள்ள மணற்கரையில் கிடக்கும் உருண்டைப் பாறைகளைத்தான் பெரும்பாலோர் முதலில் தேடிச் செல்கின்றனர். பெரியவற்றின் விட்டம் இரண்டு மீட்டரை எட்டும். அலை உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கற்கள் இவை என்று எண்ணத் தோன்றினாலும், இவற்றின் உருண்டை வடிவத்துக்கும் அலைக்கும் தொடர்பில்லை. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேற்றில், நீரில் கரைந்திருந்த சுண்ணப்பொருள் கால்சைட் என்னும் கனிமமாக ஒரு மையத்தைச் சுற்றிப் படிந்து, சேற்றுத் துகள்களைப் பிணைத்து இறுக்கியதால் இவை உருவாயின. இவ்வாறு ஒரு மையத்தைச் சுற்றித் திரண்டு இறுகிய கல்லைத் திரளைக்கல் எனலாம். மிகப் பெரியவை முழு அளவுக்கு வளர 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. பின்னர் அக்கடலடி மேலெழுந்து நிலமாகி, இன்றைய அலைகள் கரையோரச் சேற்றுப்பாறைக் குன்றை அரித்துச் செல்லச் செல்ல, கரையாத உருண்டைகள் ஒவ்வொன்றாக விடுபட்டு மணலில் இறங்குகின்றன.

இவ்வரலாற்றை அறிந்த கலைஞர் நிற்கும் இடம் வேறாகிவிடும். அறியாதவர் கடலை நோக்கி முக்காலியை நாட்டி, ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, அலைகளையெல்லாம் பால்போன்ற மூடுபனியாக்கி, அதன்மேல் கற்கள் மிதப்பதாகக் காட்டுகிறார். இப்படம் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டுவிட்டது என்பதைவிட, அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பதை அது முற்றிலும் மறைத்துவிடுகிறது என்பதே அதன் பெருங்குறை. அறிந்தவர் ஒருமுறையேனும் திரும்பி நின்று குன்றைப் பார்ப்பார். பாதி வெளிவந்தும் பாதி புதைந்தும் குன்றின் முகத்தில் நிற்கும் உருண்டை ஒன்று அங்கே கண்ணில் படும். உடைந்து கிடக்கும் கல் ஒன்றன் அருகே குனிந்தால், நடுவில் வெற்றிடமும், அதிலிருந்து வெளிப்புறம் நோக்கி மெலிந்துகொண்டே செல்லும் வெடிப்புகளும், அவ்வெடிப்புகளை நிரப்பிய மஞ்சளும் பழுப்புமான கால்சைட் படிகங்களும் தெளிவாகத் தெரியும். ஈரக்கல்லின் மினுமினுப்பு இந்நிறங்களை மறைக்கும் என்பதால், தெறிப்பொளியைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி இங்கே உண்மையிலேயே பயன்படுகிறது. சிறிய உருண்டைகள் முற்காலத்துப் பார்வையாளர்களால் நினைவுப்பொருள்களாக எடுத்துச் செல்லப்பட்டுவிட்டதால், இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தூக்க இயலாதவை மட்டுமே என்பதையும் படம் பார்ப்போருக்குச் சொல்லவேண்டும்.

இக்கரையின் மாவோரி மக்களான ஙாய் டாஹு இனத்தார் மரபில், இவ்வுருண்டைகள் ஆரை-டே-ஊரு என்னும் பெரும் படகு உடைந்தபோது கரையொதுங்கிய விலாங்குமீன் கூடைகளும் சுரைக்குடுவைகளும் குமரா எனப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளுமாகும். தெற்கே மட்டகையா முனையில் நீண்டு கிடக்கும் பாறைத்தொடரே அப்படகின் உடல். உருண்டையின் மேல் ஆளை ஏற்றி நிறுத்தி அதன் பருமனைக் காட்டும் பழக்கத்தைக் கைவிட இந்த ஒரு செய்தியே போதுமானது. பருமனைக் காட்டுவதற்குக் கடற்காகம் ஒன்று வந்து அமரும்வரை காத்திருக்கலாம்.

பாறையும் விலங்கும் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடும்போது கலைஞர் என்ன செய்யவேண்டும் என்பதைக் கற்பிக்கும் இடம் கேட்லின்ஸ் பகுதியின் தென்கோடியிலுள்ள கியூரியோ விரிகுடா. அங்கே ஓதம் வற்றும்போது வெளிப்படும் பாறைத்தளம் ஒரு காடு. ஜுராசிக் காலத்தில், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன், நியூசிலாந்து நிலம் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் விளிம்பாக இருந்தபோது, எரிமலைச் சாம்பலும் மண்ணும் கலந்த வெள்ளம் ஒருமுறைக்கு மேற்பட்டு இக்காட்டைப் புதைத்தது. புதைந்த மரத்தின் திசுக்களில் மணற்சத்தான சிலிக்கா சிறிது சிறிதாகப் புகுந்து இடம்பிடித்ததால் மரம் கல்லாயிற்று. நின்ற மரங்களின் அடிக்கட்டைகள் முழங்கால் உயரத்துக்கும் குறைவாகவும், விழுந்த மரங்கள் பல மீட்டர் நீளத்துக்குத் தளத்தில் பதிந்தும் கிடக்கின்றன. அடிக்கட்டை ஒன்றன் மேல்முகத்தைச் சாய்வொளியில் நோக்கினால் ஆண்டுவளையங்களை எண்ணிவிடலாம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் அந்நியமாக இராது. ஆனால் திருவக்கரைக் கல்மரங்கள் 2 கோடி ஆண்டு அளவில் மிகவும் இளையவை, அன்றியும் அவற்றின்மேல் கடல் ஏறி இறங்குவதில்லை. கடல் கடக்க வாய்ப்பில்லாதவர் சாய்வொளியில் கல்வளையத்தைப் படமெடுக்கத் திருவக்கரையிலேயே பழகிக்கொள்ளலாம்.

அதே பாறைத்தளத்தின் வழியாகத்தான் ஹொய்ஹோ எனப்படும் மஞ்சள்கண் பென்குயின் கூட்டுக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரமும், கண்ணிலிருந்து தலையைச் சுற்றியோடும் வெளிர்மஞ்சள் பட்டையும் உடைய இப்பறவை, பகல் முழுவதும் கடலில் மீன்பிடித்துவிட்டு, பிற்பகலுக்கும் அந்திக்கும் இடையில் கரையேறி, கல்மரங்களுக்கு நடுவே தத்தி நடந்து, ஹரகெகெ என்னும் நெட்டிலைப் புதர்களில் மறைந்துள்ள கூட்டை அடைகிறது. பென்குயின்கள் கூட்டமாகவே வாழ்பவை என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, இது பிற இணைகளின் கண்ணில் படாத இடத்தில் தனியே கூடமைக்கும் கூச்சமுள்ள பறவை. தளத்தின்மேல் மனிதர் நிற்பதைக் கண்டால் அது கரையேறாமல் நீரிலேயே காத்திருக்கும். காத்திருக்கும் நேரமெல்லாம் குஞ்சுக்கு ஊட்டுவதற்காக வயிற்றில் கொண்டுவந்த மீன் செரித்துக்கொண்டிருக்கும். கோடை முடிவில், ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், பழைய இறகு முழுவதையும் உதிர்த்துப் புதிது வளர்க்க அது மூன்று நான்கு வாரம் உணவின்றிக் கரையிலேயே நிற்கிறது. அப்போது விரட்டப்பட்டாலும் கடலுக்குள் செல்ல அதனால் இயலாது. தென்தீவில் இதன் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்துவருவதால், 50 மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்பதே நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை கூறும் அளவு.

இப்போது சிக்கல் விளங்கும். கல்மரத்துக்கு வற்றமும் சாய்வொளியும் வேண்டும். வற்றம் அந்தியில் வரும் நாள்களில் இரண்டும் ஒருங்கே வாய்க்கும், ஆனால் அதுவே பறவை வீடு திரும்பும் வேளை. ஒளி நன்றாக இருக்கிறது, இன்னும் ஐந்து நிமிடம் என்று தளத்தில் நிற்பவரும் குஞ்சின் பங்கைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனவே காலையில் வற்றம் வரும் நாள்களைத் தேர்ந்து, பறவைகள் கடலுக்குள் சென்றபின் தளத்தில் இறங்கி வளையங்களைப் படமெடுத்துவிட்டு, மாலையில் மேலேயுள்ள பார்வைமேடையில் நெடுந்தொலைவு லென்ஸுடன் அமர்வதே சரியான ஏற்பாடு. மேடையிலிருந்து எடுத்த படத்தில் பறவை சிறிதாகத்தான் தெரியும். அதன் காலடியில் 18 கோடி ஆண்டுக் கல்மரமும் முன்னால் ஈரத்தளமும் சேர்ந்தே தெரியும் என்பதால், அதன் முகத்தை மட்டும் நிரப்பிய படத்தைவிட அதுவே மேலான படம் என்பது இக்கடிதத்தின் துணிபு. மொயெராக்கி மணலில் கடலுக்கு முதுகு காட்டலாம் என்று மேலே கூறப்பட்டது இந்தத் தளத்துக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். தென்கடலின் திடீர்ப் பேரலை இங்கே எச்சரிக்கையின்றி வரும்.

பிற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். டோகட்டா முனையில், கலங்கரைவிளக்கத்துக்குக் கீழே, செங்குத்தாக நிமிர்ந்த பாறைத்தீவுகளின் இடுக்குகளில் உரோமக் கடல்நாய்கள் குட்டிகளோடு கிடப்பதை மேலிருந்தே எடுக்கலாம்; ஒளி தலைக்கு நேராக அடிக்காத வேளை போதும். தரைமட்டத்தில் கடல்நாயைக் காண நேர்ந்தால் 20 மீட்டர் விலகி நிற்பதோடு, அதற்கும் கடலுக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதிருக்க வேண்டும், ஏனெனில் கடல் அதன் தப்பும் வழி. கேட்லின்ஸ் மணற்கரைகளில் மரக்கட்டைபோல் உறங்கும் கடற்சிங்கம் எழுந்தால் மணலில் ஓடும் மனிதரையும் எட்டிவிடும். ட்ரோன் பறக்கவிடுவோர் கடற்பாலூட்டிகளிடமிருந்து 150 மீட்டர் விலகவேண்டும், பாதுகாக்கப்பட்ட நிலங்களில் முன் அனுமதியும் பெறவேண்டும்.

டனீடினுக்கு அருகிலுள்ள டையரோவா முனையில், ஏறத்தாழ மூன்று மீட்டர் இறக்கை விரிவுடைய வடக்கு அரச ஆல்பட்ராஸ் கூடு கட்டுகிறது. காற்றில்லாத தெளிந்த நாளை ஒளிப்படக்காரர் விரும்புவார். ஆல்பட்ராஸோ காற்றடிக்கும்வரை பறக்க மனம் கொள்ளாது. ஆகவே முக்காலி ஆடும் அளவுக்குக் காற்றுள்ள பிற்பகலே இங்கே நல்ல வேளை. அங்கே முதல் குஞ்சு நலமாகப் பறந்து சென்றது 1938-இல். முட்டை திருடுவோரிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் அந்தக் கூட்டைக் காத்தவர் லான்ஸ் ரிச்டேல் என்னும் டனீடின் ஆசிரியர். ஹொய்ஹோவின் வாழ்க்கையைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பங்கும் அவர் ஆண்டுக்கணக்கில் கரையில் இருந்து குறித்த குறிப்புகளிலிருந்தே தொடங்கியது. ஒரு பறவை எந்த வழியாக நடக்கும், எங்கே நின்று இறகு கோதும் என்பதை அறிய விரும்புவோர்க்கு அவருடைய முறையைவிடக் குறுக்குவழி எதுவும் கிடையாது.

ஓமருவில், பழைய கல்குவாரியில் குடியேறிய உலகின் மிகச் சிறிய பென்குயின்கள், இருட்டியபின் கூட்டங்கூட்டமாகக் கரையேறுகின்றன. ஏறத்தாழ ஒரு கிலோ எடையே உள்ள அப்பறவைகளைக் காண இருக்கைகள் அமைத்துள்ளனர். ஆனால் அந்திக் காட்சியின்போது படமெடுக்க அனுமதி இல்லை. இதைக் கேட்டு அவ்வூரைப் பயணத்திலிருந்து நீக்கிவிடும் கலைஞர்கள் உண்டு. அவர்கள் இழப்பது பெரிது. கருவியைப் பையில் வைத்துவிட்டு அமரும் இரவில்தான், அலையோடு வந்த கூட்டம் கரையோரக் கல்லில் தயங்குவதும், முதற்பறவை நடந்தபின் மற்றவை விரைவதும், திறந்தவெளியைக் கடக்கையில் உடல் முன்சாய்வதும் ஒழுங்காக மனத்தில் பதியும். இவ்வொழுங்கை அறிந்தவரே பிற இடங்களில் எந்த நொடிக்காகக் காத்திருக்கவேண்டும் என்பதை அறிவார்.

படவிளக்கம் எழுதும்போது, மாவோரிப் பெயரும் ஆங்கிலப் பெயரும் இணைந்து வழங்கும் இடங்களுக்கு இரண்டையும் தருவது இப்போது அங்குள்ள வழக்கம். 1998-ஆம் ஆண்டின் ஙாய் டாஹு உரிமைத் தீர்வுச் சட்டம் இத்தகைய இரட்டைப் பெயர்கள் பலவற்றுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஹொய்ஹோவின் கூடு இருக்கும் புதரை அடையாளம் காட்டும் எந்தக் குறிப்பும் விளக்கத்தில் இருத்தல் கூடாது; கருவி தானாகவே படத்தில் பதியும் இடக்குறியீட்டையும் வெளியிடுமுன் நீக்கிவிடவேண்டும். எந்த லென்ஸில், எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மட்டும் மறவாமல் எழுதவேண்டும், ஏனெனில் அக்குறிப்பு இல்லாத நெருக்கப் படத்தைப் பார்க்கும் அடுத்த இளைஞர் அந்தப் பறவையின் அருகிலேயே சென்று நிற்கலாம் என்று எண்ணிப் புறப்படுவார்.