மூத்த பெண்களுக்கு மும்பைக் குளிர்கால உடை

மும்பையின் குளிர் நெடுநேரம் நிற்பதில்லை. சாந்தாகுரூசில் 1962 ஜனவரி 22 அன்று 7.4 டிகிரி செல்சியஸ் பதிவானது அரிய நிகழ்வு. வழக்கமான ஜனவரியில் விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் வெப்பநிலை, நண்பகலில் 30 டிகிரியை நெருங்கிவிடுகிறது. மார்கழி விடியலில் மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்துக்கோ, படியேறிச் செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கோ செல்லும் மூத்த பெண்களுக்குக் கனத்த உடை ஒன்றைவிட, ஒவ்வொன்றாகக் களையக்கூடிய மெல்லிய உடைகளே ஏற்றவை. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று உடலின் வெப்பத்தைக் காக்கிறது.

முதுமையில் தோலடிக் கொழுப்பு குறைகிறது. குளிரை உணரும் திறனும் மங்குகிறது. ஆகவே, "எனக்குக் குளிரவில்லை" என்று அவர்கள் கூறினாலும், கைகால்கள் சில்லிட்டுள்ளனவா என்று நாம் தொட்டுப் பார்ப்பது நல்லது.

பருத்திப் புடவைக்குள் ஃபிளானல் உள்பாவாடை, முழுக்கை ரவிக்கை, மேலே முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் ஆகியவை போதும். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் தோள்வலி உள்ளவர்களை வருத்தும். விரல்மூட்டு வலிப்பவர்களுக்குப் பெரிய பொத்தான்கள் எளிது. புடவைக் கரையின் நிறத்தில் ஒரு சால்வை இருந்தால் திருமணத்துக்கும் அதுவே பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கைகள். வழுவழுப்பான தரையில் வெறும் காலுறையுடன் நடந்தால் வழுக்கும்; அடியில் ரப்பர் புள்ளிகள் பதித்த காலுறையை வாங்குவோம். அக்ரிலிக் இழை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விளக்கேற்றும்போதும் அடுப்பருகே நிற்கும்போதும் சால்வையைக் கழற்றி வைப்போம். குளிருக்கு அஞ்சி அவர்களுடைய காலை நடை நின்றுவிடாதிருக்க இவ்வளவு ஏற்பாடே போதும்.